தளிர் விட்ட ஆடாதோடைக் குச்சிகள் ஏன் பட்டுப்போகின்றன?

கடலூர் முதுநகரைச் சேர்ந்த வாசகி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "உறவினர் வீட்டு வேலியிலிருந்து ஆடாதோடைக் கொப்புகளை ஒடித்து வந்து, வைகாசி முதல் வாரத்தில் இருபது குச்சிகளை வீட்டின் பின்புறம் மணல் தரையில் ஊன்றினேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். பத்தே நாளில் எல்லாக் குச்சிகளிலும் தளிர் வந்தது. நான்காவது வாரத்தில் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்து பதினேழு குச்சிகள் பட்டுப்போயின. பிடுங்கிப் பார்த்தால் அடி கறுத்திருக்கிறது, வேரே இல்லை. எங்கள் மண்ணில் ஆடாதோடை வராதா? மறுபடி எப்போது, எப்படி ஊன்ற வேண்டும்?"

உங்கள் மண்ணில் ஆடாதோடை நன்றாகவே வரும். கடற்கரை மணலிலும், கேப்பர் மலைச் செம்மண்ணிலும், பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பு ஓரங்களிலும் யாரும் பேணாமலே அது வேலியாக நிற்பதைக் காணலாம். உங்களை ஏமாற்றியது மண் அல்ல, பத்தாம் நாள் வந்த தளிர்தான். குச்சி தளிர்த்துவிட்டால் பிழைத்துவிட்டது என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். ஆனால் தளிர் வந்தது வேர் வந்ததற்குச் சான்று ஆகாது. வெட்டிய தண்டில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மாவுச்சத்தையும் ஈரத்தையும் கொண்டே கணுவில் உறங்கும் மொட்டு விழித்துக்கொள்ளும்; அதற்கு வேரின் உதவி தேவையில்லை. விரிந்த இலைகள் வெயிலில் நீரை ஆவியாக்கத் தொடங்கும்போதுதான் அந்த இழப்பை ஈடுகட்ட அடியில் வேர் இருந்தாக வேண்டும். வேர் இல்லாத குச்சி, கையிருப்புத் தீரும் வரை பச்சையாக இருந்துவிட்டு மூன்றாவது, நான்காவது வாரத்தில் சாய்ந்துவிடும். உங்கள் தோட்டத்தில் நடந்தது இதுவே. அக்கினி நட்சத்திர வெயில் தளிர்ப்பை விரைவுபடுத்தியது; வேர் பிடிப்பதற்கு வேண்டிய அவகாசத்தை அது தரவில்லை.

அடி கறுத்ததற்கு வேறு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கொப்பை வெட்டாமல் ஒடித்தது. ஒடித்த இடத்தில் பட்டை கிழிந்து நார்நாராகத் தொங்கும். பூஞ்சைகள் நுழைய அதைவிட வசதியான வாசல் வேண்டியதில்லை. மற்றொன்று, இளந்தண்டுக்கு நாள்தோறும் இரு வேளை ஊற்றிய தண்ணீர். மணலில் நீர் நிற்காது என்பது மேல்மணலுக்குப் பொருந்தும். முதுநகர் போலக் கடலும் உப்பனாறும் அருகில் இருக்கும் இடங்களில் பல வீடுகளில் சில அடி ஆழத்திலேயே நிலத்தடி நீர் இருப்பதால், மேலே காய்ந்து தெரியும் மணலின் கீழே குச்சியின் அடிமுனை எப்போதும் நனைந்தே கிடந்திருக்கக்கூடும்.

இனி ஊன்றும்போது குச்சியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஓராண்டாவது வளர்ந்த, நோயில்லாத செடியில், நுனிக்கொழுந்தும் வேண்டாம், அடியில் முற்றி வெளுத்த கட்டையும் வேண்டாம். பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய, பென்சில் பருமனுள்ள நடுத்தண்டு வேண்டும். வளைத்தால் சற்றே எதிர்த்து நிற்க வேண்டும். ஆடாதோடையின் கணுக்கள் விரல் வைத்தால் தெரியும்படி புடைத்திருக்கும். அப்படி மூன்று நான்கு கணுக்கள் உள்ளதாக, 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்குங்கள். பூங்கதிர் விட்ட கிளையை விட்டுவிடுங்கள்; அதன் சத்து பூவுக்குப் போயிருக்கும். வேலை விடிகாலையில் நடக்கட்டும், வெட்டிய குச்சிகள் ஈரச் சாக்குக்குள் இருக்கட்டும்.

கத்தி கூர்மையாகவும், மருந்துக்கடை ஸ்பிரிட் கொண்டு துடைத்ததாகவும் இருந்தால் போதும். அடிமுனையைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள், மேல்முனையை நேராக வெட்டுங்கள். இது அழகுக்காகச் சொல்லும் விதி அல்ல. மொட்டிலும் இலையிலும் உண்டாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் மேலிருந்து கீழ்நோக்கியே நகர்ந்து அடிமுனையில் சேர்ந்து வேரைத் தூண்டுகிறது. குச்சியைத் தலைகீழாக ஊன்றினால் அந்த ஓட்டம் எதிர்ப்பக்கத்தில் சேர்ந்துவிடும். சாய்வு எந்தப் பக்கம் என்று பார்த்து ஊன்றினால் அவசரத்திலும் தவறு நேராது. இதே காரணத்தால் இலைகளை மொத்தமாக உருவிவிடுவதும் சரியல்ல. மேல்கணுவில் ஒரு ஜோடியை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாகக் கத்தரித்துவிட்டால், நீரிழப்பும் குறையும், வேரைத் தூண்டும் பொருளும் கிடைத்துக்கொண்டிருக்கும். மேல்வெட்டில் சிறிது பசுஞ்சாணத்தை அப்பினால் முனை காயாது; போத்து, அதாவது பருத்த கிளைத்துண்டு, நடும் நம் ஊர்ப் பெரியவர்கள் காலங்காலமாகச் செய்வதே இது. வேரூக்கிப் பொடி வாங்கலாம், தேவை என்று சொல்ல மாட்டேன். ஆடாதோடை அது இல்லாமலே வேர்விடும் இனம்.

நேரடியாகத் தரையில் ஊன்றாமல், அடியில் துளையிட்ட பாலிதீன் பைகளில் ஊன்றுங்கள். கழுவிய ஆற்று மணலும் சலித்த செம்மண்ணும் சரிபாதி போதுமானது; ஆற்று மணல் கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த தென்னைநார்த் தூளைச் செம்மண்ணோடு சேர்க்கலாம். தொழுவுரம் இப்போது வேண்டாம். வேரில்லாத குச்சிக்கு உரத்தால் பயன் இல்லை, அழுகலுக்குத்தான் அது துணைபோகும். கடற்கரை மணலை அள்ளிப் பையில் போட்டுவிடாதீர்கள். உப்பு என்பது, கண்ணுக்குத் தெரியாமல் குச்சியின் ஈரத்தை வெளியே இழுக்கும் பொருள். நன்கு வளர்ந்த ஆடாதோடை ஓரளவு கரிப்பைத் தாங்கினாலும், வேர் முளைக்கும் பருவத்துக் குச்சி தாங்காது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் நாக்கில் கரித்தால், இந்த ஒன்றரை மாதத்துக்கு மட்டுமாவது சேமித்த மழைநீரையோ நல்ல குழாய்த் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். வீட்டுக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் நீரைச் செடிக்கு விடும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. உப்புச் செறிந்த அந்த நீர் நாற்றுகளுக்கு ஆகவே ஆகாது.

குச்சியில் இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கட்டும். முதலில் ஒரு குச்சியால் குழி போட்டு, பிறகு ஊன்றி, சுற்றிலும் விரலால் அழுத்துங்கள். நேரடியாகக் குத்தினால் அடிப்பட்டை உரியும். தென்னங்கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ, பாதி வெயில் விழும் இடமாக இருக்க வேண்டும். பூவாளியால் நாளைக்கு ஒரு முறை, அதுவும் மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும் ஊற்றுங்கள். இலைகள் வாடுவதாகத் தோன்றினால் வேர்ப்பக்கம் ஊற்றாமல் இலைமேல் தெளியுங்கள். இந்த ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டதிலேயே என் நாற்றங்காலில் அழுகல் வெகுவாகக் குறைந்தது.

வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்க வேண்டாம். நான்கு வாரம் கழித்துக் குச்சியை இரு விரலால் மெல்ல மேலே இழுத்தால் மண் பிடித்து நிறுத்த வேண்டும். பையின் துளையில் வெள்ளை வேர்நுனி எட்டிப் பார்த்தால் ஐயமே இல்லை. முதல் ஜோடித் தளிரை நம்பாதீர்கள். அடுத்த ஜோடி இலைகள் முந்தையதைவிடப் பெரிதாகவும், இரு கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டு நீண்டும் வரும்போதுதான் செடி தன் காலில் நிற்கிறது. அதன் பிறகு மண்புழு உரம் ஒரு கைப்பிடி இட்டு, நிழலைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை நம் கடற்கரைக்கு வடக்கிலிருந்து வரும் கையேடுகள் உதவா. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். மாசியில் ஊன்றினால் பனியும் மிதமான வெயிலும் துணை நிற்கும். கோடை முழுதும் பையிலேயே நிழலில் வைத்திருந்து ஆடியில் நடலாம், மழைக்கு முன் வேர் இறங்கிவிடும். மாசியைத் தவறவிட்ட நீங்கள் ஆடி நடுவில் ஊன்றுங்கள். ஆனால் அந்தக் கன்றுகளைப் புரட்டாசியில் அவசரமாகத் தரையில் வைக்காமல், மழைக்காலத்தைத் திண்ணையிலோ செங்கல் மேடையிலோ கழிக்கவிட்டுத் தை பிறந்ததும் நடுங்கள்.

ஆடாதோடை வறட்சியைப் பொறுக்கும், தேங்கிய நீரைப் பொறுக்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. என் தோட்டத்தில் பள்ளமான மூலையில் நட்டிருந்த ஒரு வரிசை, நான்கு நாள் நீரில் நின்று முழுதும் அழுகியது. அதே வயதுச் செடிகள் ஒன்றரை அடி உயர வரப்பின் மேல் ஒன்றுகூடச் சாகவில்லை. அந்த இழப்புக்குப் பிறகு மேட்டில் அன்றி நான் நடுவதில்லை. உங்கள் இடத்தில் தரையைவிட ஓரடியாவது உயர்த்திக் கரை கட்டி, ஓரடிக் கனக் குழியில் மட்கிய தொழுவுரம் கலந்து நடுங்கள். வேலிக்கு இரண்டடி இடைவெளி போதும். இலைக்காகத் தனிப்புதராக வளர்க்க மூன்றடிக்குக் குறையாமல் விடுங்கள். ஆடு தொடாத இலை என்பதால் காவல் பெரிதாக வேண்டியதில்லை.

விதையிலிருந்து வளர்க்க முயல வேண்டாம். காயில் அதிகம் போனால் நான்கு விதைதான் இருக்கும், காய்ப்பதே அரிது. குச்சியில் வளரும் செடி தாய்ச் செடியின் மறுபதிப்பு என்பதால், எந்தப் புதரில் வெட்டுகிறீர்கள் என்பதே செடியின் தரத்தை முடிவு செய்யும். இருமலுக்குக் கசாயமாகவும், இனிப்புச் சேர்த்துக் காய்ச்சிய மணப்பாகாகவும் சித்த மருத்துவம் நெடுங்காலமாக இந்த இலையைப் பயன்படுத்துகிறது. இதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடியொற்றியே இருமல் மருந்துகளில் சேரும் புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை கொண்டது. ஆகவே கருவுற்ற பெண்கள் வீட்டு வேலியில் பறித்த இலை என்று எளிதாக எண்ணி இதை உட்கொள்ளவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலையும் கசாயத்தில் கடத்தாமல், சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

உங்களிடம் மீந்திருக்கும் மூன்று செடிகளைப் பற்றி ஒரு சொல். அவை அந்த வெயிலையும் கடந்து நின்றவை, வேர் பிடித்திருக்கின்றன. இப்போது இடம் மாற்றாதீர்கள், இலையும் பறிக்காதீர்கள். வைக்கோலையோ காய்ந்த தென்னை மட்டையையோ அடியில் மூடாக்காகப் போட்டு, ஐப்பசிக்குள் சுற்றிலும் மண் அணைத்து மேடாக்கிவிடுங்கள். அடுத்த ஆண்டு தாழ்ந்த கிளை ஒன்றைத் தரைக்கு வளைத்து, ஒரு கணுவின் அடிப்பட்டையை லேசாகச் சீவி, அந்த இடத்தை மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வைத்தால், தாயிடமிருந்து ஊட்டம் பெற்றுக்கொண்டே அது வேர்விடும். இந்தப் பதியனில் தளிர் முந்திக்கொள்ளும் ஆபத்து இல்லை. இரண்டு மாதம் கழித்துக் கிளையை அசைத்துப் பார்த்து, மண் விடாமல் பிடித்திருந்தால் தாய்ப்பக்கம் வெட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள்.