குண்டும் பவுடரும்: வாங்குமுன் ஒரு வார்த்தை

9 எம்.எம். பிஸ்டலுக்குத் தோட்டா ரீலோடு (சுட்ட தோட்டாவின் காலி உறையான கேஸில் புதிதாகத் தீப்பற்றவைக்கும் பிரைமர், பவுடர், குண்டு வைத்து மறுபடி தோட்டா ஆக்குவது) செய்யத் தொடங்குகிறேன். ரேஞ்ச் பயிற்சிக்கு மட்டும். எந்தக் குண்டு வாங்கலாம்? (டெக்சஸ்)

124 கிரெயின் எடை, உருண்டை மூக்கு. 115-ஐவிட விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் பெரும்பாலான பிஸ்டல்களில் சிக்காமல் ஏறும். 147-ஐப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பூச்சு போட்ட ஈயக் குண்டுதான் மலிவு, ஆனால் அதன் விட்டம் பெரும்பாலும் 0.356 அங்குலம், செம்பு உறைக் குண்டு 0.355. அதனால் ஒன்றுக்குச் சரியாக இருந்த தோட்டா நீளம் மற்றதற்குச் சரிவராமல் போகலாம். பவுடரும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டா ஒன்றைச் செய்து, கழற்றிய பேரலுக்குள் போடுங்கள். 'டொக்'கென விழ வேண்டும், விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். மெல்லிய செம்பு முலாம் பூசிய குண்டென்றால் கேஸின் வாயை அதன்மேல் மிகவும் இறுக்காதீர்கள். முலாம் கிழிந்தால் குண்டு புரண்டுபோய், இலக்கு அட்டையில் சாவித்துவாரம் போல ஓட்டை போடலாம்.

நண்பர் ஊர் மாறுகிறார். கண்ணாடி ஜாடியில் பாதி பவுடர், பாதி விலைக்குத் தருகிறார். பெயர் நினைவில்லையாம். (ஓஹையோ)

வேண்டாம். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

குறைந்த அளவே போதும் என்கிற, வேகமாக எரியும் பவுடர்தானே சிக்கனம்? (நியூ ஜெர்சி)

இந்தக் கணக்கைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போட்டே பார்ப்போம். ஒரு பவுண்டு 7,000 கிரெயின். ஒரு பவுடர் 4 கிரெயின் பிடித்தால் 1,750 தோட்டா, இன்னொன்று 5 பிடித்தால் 1,400. பவுண்டு 40 டாலர் என்றால், ஆயிரம் தோட்டாவுக்கு மிச்சம் ஆறு டாலருக்கும் கீழே. அதற்கு நீங்கள் கொடுக்கும் விலையைப் பாருங்கள். அடர்த்தியான வேகப் பவுடர் கேஸின் அடியில் கொஞ்சம்போல உட்காரும். கை தவறி இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது, மேலே குண்டை அழுத்தினால் ஒன்றும் தெரியாது. சுட்டால் பிஸ்டல் வெடிக்கலாம். புதியவர் வாங்க வேண்டியது இடத்தை அடைக்கும் பவுடர். இரட்டை அளவு விழுந்தால் பொங்கி வழிந்து காட்டிக்கொடுக்கும். செதில் பவுடர், அளந்து ஊற்றும் கருவியில் சீராக விழாது, உருண்டைப் பவுடர் தண்ணீர் மாதிரி இறங்கும். எதை வாங்கினாலும் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்துதான் ஏற்ற வேண்டும். சுடும்போது ஸ்லைடு (பிஸ்டலின் நகரும் மேல்பகுதி) முழுதாகப் பின்னே போகவில்லையென்றால் கையேட்டு எல்லைக்குள் சிறிது சிறிதாக ஏற்றுங்கள்.

எச்.பி.-38 பிஸ்டல் பவுடர் எங்கும் இல்லை. மாற்று? (ஜார்ஜியா)

வின்செஸ்டர் 231. இரண்டும் ஒரே பவுடர், டப்பாதான் வேறு. இதை வைத்துப் பெயர் ஒத்துப்போவதெல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம்: ரைஃபிள் பவுடரில் 4895 என்ற எண்ணில் எச்., ஐ.எம்.ஆர். என்ற இரண்டு பிராண்டுப் பவுடர் உண்டு, இரண்டுக்கும் அளவு வேறு.

இணையத்தில் '9 எம்.எம். 124 கிரெயின்' என்று ஆயிரம் குண்டு வாங்கினேன். தோட்டா பேரலுக்குள் போகவே இல்லை. கடைக்காரர் 'உங்கள் டை (தோட்டாவை வடிவமைக்கும் அச்சு) சரியில்லை' என்கிறார். (வர்ஜீனியா)

டை மேல் பழி போடுவது சுலபம். இருபது குண்டை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து, தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். விட்டம் 0.357, 0.358 என்று வந்து, உடம்பைச் சுற்றி ஒரு பள்ளக்கோடும் ஓடினால் அது ரிவால்வருக்கான .38 குண்டு. தவறு உங்களுடையது அல்ல. மீதியைத் தொடாமல், அளவோடு படம் எடுத்துக் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். மசியவில்லை என்றால், கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், சொன்ன பொருள் வரவில்லை என்று வங்கிக்கு எழுதுங்கள். அந்தச் செலவைக் காட்டும் முதல் பில்லை வங்கி அனுப்பியதிலிருந்து 60 நாள்தான் கெடு. அதற்கிடையில் அந்தக் குண்டை அடித்து உள்ளே தள்ளிச் சுட முயலாதீர்கள்.

பவுடர் 30 டாலர், அதை அனுப்ப வாங்கும் அபாயப் பொருள் கட்டணம் அதற்கு ஈடாக வருகிறதே! (மிச்சிகன்)

ஒரு டப்பா மட்டும் வரவழைத்தால் வரத்தான் செய்யும். பிரைமரையும் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுங்கள், அல்லது உள்ளூர்க் கடைக்குப் போங்கள்.

கோவையில் இதை வீட்டில் செய்யலாமா?

உரிமம் இல்லாமல் கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.