வாசகர் கேள்வி – பதில்: மாத்திரை அட்டையே முதல் பாடம்

கேள்வி: எங்கள் ஊரில் கல்குவாரிக்கும் நூறு நாள் வேலைக்கும் செல்லும் பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோழியர் மூவருடன் சேர்ந்து மாலை வகுப்பு தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அவர்களோ, “சர்க்கரை மாத்திரைக்கே அலைகிறோம், எழுத்து எதற்கு?” என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருமயம்

பதில்: அந்தப் பெண்கள் உங்களுக்குப் பாடத்திட்டத்தையே சொல்லிவிட்டார்கள். வகுப்பைச் சர்க்கரை மாத்திரையிலிருந்தே தொடங்குங்கள்.

உயிரெழுத்துகளுக்கு முன்பாக எண்கள் வரட்டும். மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்தால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று என்று பொருள்; இதைப் பழக ஒரு மாலைப்பொழுது போதும். மாத்திரை அட்டைகளில் பெரும்பாலும் ஆங்கிலமே அச்சாகிறது என்பதால், காலாவதியைக் குறிக்கும் ஈ, எக்ஸ், பி என்ற மூன்று எழுத்துகளின் வடிவத்தையும், அவற்றை அடுத்து வரும் மாதத்தையும் ஆண்டையும் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுங்கள். 08/2027 என்றிருந்தால் அந்த ஆகஸ்ட் மாதத்தின் கடைசி நாள் வரை அந்த மருந்தைப் பயன்படுத்தலாம். நாலைந்து மாத்திரைகளை மட்டும் வெட்டி வாங்குவோர், தேதி அச்சிட்ட பகுதியையும் சேர்த்துத் தருமாறு கடையில் கேட்கத் தயங்கக் கூடாது. காசு குறைவாகக் கொடுப்பதால் தகவலும் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதில் எந்த நியாயமும் இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதன்படி மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, தொடர் மருந்துகளைத் தருகிறார்கள். உங்கள் ஊருக்கு வருபவரிடம் பேசி, மாதத்தில் ஒரு நாள் வகுப்பு நடக்கும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள். தன் ரத்த அழுத்தத்தை 140/90 என்று தன் கையாலேயே நோட்டில் எழுதி வைக்கும் பெண், அடுத்த மாதம் அந்த எண் கூடினால் ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குச் செவிலியரோ மருத்துவரோதான் பதில் சொல்ல வேண்டும்; மருந்தின் அளவைக் கூட்டும்படியோ குறைக்கும்படியோ நீங்கள் ஒருபோதும் சொல்லாதீர்கள்.

புத்தகத்துக்கும் வழி இருக்கிறது. 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 15 வயதைக் கடந்தும் எழுத்தறியாதோருக்குத் தன்னார்வலர்கள் வழியே கற்பிக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். உங்கள் மாவட்டத்துக்கு இதில் பழைய அனுபவமும் உண்டு. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. குவாரித் தொழிலாளிகள் உட்பட ஆயிரக்கணக்கான பெண்கள் ஆர்வமாக வந்தார்கள் என்றால், தண்ணீர் எடுக்கவும் வேலைக்குச் செல்லவும் யார் துணையையும் எதிர்பாராமல் தாங்களே போய்வர சைக்கிள் உதவியதே காரணம் என்பது என் எண்ணம். அன்று கற்றுக்கொண்ட அம்மாக்களோ பாட்டிகளோ உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அவர்களைத் தேடிப் பிடித்து வகுப்பில் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அதன் அம்மா ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளர் தண்ணீரில் கலந்து கொடுக்கிறார். இது சரியா?
– ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: சரியல்ல. உப்பு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து. குறைந்தால் பயன் இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரப்படும் பொட்டலத்தை முழுவதுமாக ஒரு லிட்டர் குடிநீரில் கலக்க வேண்டும். கடைகளில் 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் விற்கிறது என்பதால், உறையில் அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல் கலக்கவே கூடாது. அந்தத் தாய்க்கு எண் தெரியாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அளவாக வைத்து, அதில் எழுதியிருப்பதும் உறையில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க நீங்களே உடன் இருந்து காட்டுங்கள். கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிவிடலாம். துத்தநாக மாத்திரை கொடுத்திருந்தால், போக்கு நின்ற பிறகும் 14 நாள் முழுவதும் தர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை துவண்டு போனாலோ, கண் குழி விழுந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.