ஒளிந்து உட்காருகிறவர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு ஜவுளிக்கடையில் பெண்கள் ஆடைப் பிரிவின் மேற்பார்வையாளர். வயது 26. என் பொறுப்பில் 18 பேர். பெரும்பாலும் பெண்கள், பலர் என்னைவிட மூத்தவர்கள். ‘சார்’ என்று அழைக்காமல் ‘தம்பி’ என்கிறார்கள், அது உறுத்துகிறது. சென்ற மாதம் நிர்வாகம் என்னைத் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பியது. மாஸ்லோவின் பிரமிடு பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். உடலின் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன் ஆற்றலை வெளிக்கொணர்வது என்று மனிதத் தேவைகளைக் கீழிருந்து மேலாகப் படிகளாக அடுக்கும் படம் அது. திரும்பி வந்ததும் ஊழியர்களின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினேன், மாதத்தின் சிறந்த பணியாளர் என்று படம் மாட்டினேன். எதுவும் பலிக்கவில்லை. இவர்கள் பிரமிடின் முதல் படியையே தாண்டாதவர்கள், சம்பளம் தவிர எதுவும் இவர்களை அசைக்காது என்று தோன்றுகிறது. கூட்டம் இல்லாத நேரத்தில் டிரையல் ரூமுக்குள் போய் ஒளிந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அப்படி ஒருவரைப் பிடித்து எல்லோர் முன்னாலும் கண்டித்தேன். அன்றிலிருந்து யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனிதர்களின் தேவைகளைப் புரிந்துகொண்டு ஊக்கம் தருவது எப்படி? நல்ல நூல் இருந்தால் சொல்லுங்கள்.

(பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டன)

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. ‘டிரையல் ரூமுக்குள் போய் ஒளிந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.’ கடைகளில் நிற்கிற பெண்களைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வரி இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

‘தம்பி’ என்று அழைத்தால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? அதை விடுங்கள். கேக்கைப் பற்றியும் படத்தைப் பற்றியும் பேச எனக்குப் பொறுமையில்லை.

அவர்களுடைய தேவை என்னவென்று தெரியவில்லை என்கிறீர்கள். ஆனால் அதை உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். ஒரு மனிதர் எதை ஒளிந்து செய்கிறாரோ, எதற்காகப் பிடிபட்டு அவமானப்படவும் துணிகிறாரோ, அதுதான் அவருடைய தேவை. அதை நேரில் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுக் கண்டித்தீர்கள். பிறகு உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

‘முதல் படியையே தாண்டாதவர்கள்’ என்ற சொற்களைப் படித்தபோது கோபம் வந்தது. உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது. அந்தப் படம் பின்னால் நிர்வாகவியல்காரர்கள் வரைந்தது. ஒரு தேவை முழுவதும் நிறைந்த பிறகுதான் அடுத்தது தலையெடுக்கும் என்று எண்ணிவிடக்கூடாது என்று அதே கட்டுரையில் அவர் எச்சரிக்கிறார். சராசரி மனிதருக்கு உடலின் தேவைகள் 85 சதவீதம் நிறைவேறியிருக்கலாம், பாதுகாப்பு 70, அன்பு 50, தன்மதிப்பு 40, தன் ஆற்றலை முழுதாக வெளிக்கொணர்வது 10 என்று, விளக்கத்துக்காக உத்தேசமான எண்களையும் தருகிறார். எல்லாத் தேவைகளும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் அரைகுறையாகக் கிடக்கின்றன என்றுதான் இதற்குப் பொருள். ஒரே செயலுக்குப் பின்னால் பல தேவைகள் இருக்கும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு மனிதர்களை மாடிவாரியாகப் பிரிக்கத் தோன்றுகிறது. மேல்மாடியில் மேலாளர், கீழே விற்பனைப் பெண். கீழே இருப்பவளுக்குச் சோறும் சம்பளமும் போதும், மதிப்பெல்லாம் மேலே இருப்பவர்களுக்கு. இது மாஸ்லோ சொன்னது இல்லை. பழைய அகம்பாவத்துக்குக் கிடைத்த புதிய சட்டை.

என் பெரியம்மா மகள் மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தாள். காலை கடை திறந்ததிலிருந்து இரவு கடை சாத்தும்வரை நின்றபடியே இருப்பாள். வீட்டுக்கு வந்ததும் தரையில் மல்லாந்து படுத்து இரண்டு கால்களையும் சுவரில் உயர்த்தி வைத்துக்கொள்வாள். சாப்பாடு பிறகுதான். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கும், நாளாவட்டத்தில் இரத்தக்குழாய் சுருண்டு முடிச்சுப் போடும். அக்காவுக்கு முப்பது வயதிலேயே அந்த முடிச்சுகள் வந்துவிட்டன. கழிப்பறை வேறு மாடியில், போக அனுமதி கேட்க வேண்டும் என்பதால் மதியத்துக்குமேல் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தியிருந்தாள்.

ஆனால் அவள் என்னிடம் சொன்னது வேறு. “கால் வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குண்டூசி கீழே விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்று நடித்துத் தரையில் குந்துவேன் பார், அப்போதுதான் அழுகை வரும்.”

இதைப் பிரமிடின் எந்தப் படியில் வைப்பீர்கள்? கால் வலி உடலின் தேவையா? நடிக்க வேண்டியிருப்பது மதிப்பின் தேவையா? அவளுக்கு இரண்டும் ஒரே வலி.

அவளுடைய மாடியில் உங்கள் வயதில் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். கலைந்த சேலைகளை மடிக்க வேண்டும் என்று சொல்லி, இருவர் இருவராகக் குடோனுக்கு அனுப்புவார். மடிக்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அந்த மனிதருக்காகத் தீபாவளிக்கு முந்தைய இரவு முழுக்க நின்றாலும் அக்கா முணுமுணுத்ததில்லை. இன்றைக்கும் அவரைப் பற்றி நல்ல சொல்தான் சொல்வாள். நீங்கள் தேடுகிற ஊக்கம் அதுதான், யாரும் ஊட்டாமல் தானாக வந்தது. ஆனால் அவர் வேறு கிளைக்குப் போன மறுநாளே குடோன் பூட்டப்பட்டது. அவர் தந்தது சலுகை. சலுகை, தந்தவரோடு போய்விடும். ஆகவே நீங்கள் அவரைப்போல இரகசியமாக நல்லவராக இருந்தால் போதாது.

உட்காருவது அந்தப் பெண்களின் உரிமை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஐ 2021 செப்டம்பரில் சட்டமன்றம் திருத்தியது. அதில் சேர்ந்த 22-அ பிரிவின்படி, ஊழியர்கள் வேலைக்கு இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லாக் கடைகளிலும் இருக்கை வசதி இருக்க வேண்டும். கேரளம் 2018-இலேயே இதைச் செய்தது. அது தானாக நடக்கவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளி கடைப் பெண்களைத் திரட்டினார். அவருடைய ‘பெண்கூட்டு’ அமைப்பு முதலில் கேட்டது கழிப்பறை. பிறகுதான் இருக்கை. பிரிட்டனில் மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று 1899-இலேயே சட்டம் வந்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் கடையில் ஒரு பெண் டிரையல் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறாள். உங்கள் பயிற்சியில் இந்தச் சட்டத்தைப் பற்றி யாராவது வாய் திறந்தார்களா?

முதலாளி என்ன சொல்வார் என்றும் தெரியும். வாடிக்கையாளர் வரும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது என்பார். அவரிடம் அவருடைய அப்பா காலத்துக் கடையை நினைவுபடுத்துங்கள். தரையில் வெள்ளைவிரிப்புப் போட்ட மெத்தை. நாம் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காருவோம். கடைக்காரரும் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முகூர்த்தப் பட்டை ஒவ்வொன்றாக மடியில் எடுத்து விரித்துக் காட்டுவார். உட்கார்ந்தே பட்டு விற்ற ஊர் இது. அதில் யாருக்கும் மரியாதை குறைந்ததாக நினைவில்லை. கண்ணாடி அலமாரியும் கவுண்டரும் வந்த பிறகு, கண்காணிக்க வசதியாக இருக்கிறது என்பதற்காக நிற்க வைத்தார்கள். பிறகு அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

ஸ்டூல்களைக் கவுண்டருக்குப் பின்னால், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி போடச் சொல்லுங்கள். உட்கார யாரும் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கக்கூடாது. உட்காரலாம் என்பதை எழுதி, நிர்வாகத்தின் கையெழுத்தோடு ஒட்டுங்கள். நாளைக்கு நீங்கள் அங்கே இல்லாமல் போனாலும் அந்தத் தாள் இருக்கும். இதற்காக முதலாளியிடம் திட்டு வாங்க வேண்டிவரலாம். வாங்குங்கள். உங்களுக்கு மேலே இருப்பவரிடம் உங்களுக்குக் கீழே இருப்பவருக்காகப் பேசுவது மேற்பார்வையாளரின் வேலை. இருபத்தாறு வயதில் அந்தத் துணிச்சல் வராவிட்டால் நாற்பதில் வராது, அப்போது வீட்டுக்கடன் இருக்கும்.

நீங்கள் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது உங்களுக்கு வலிக்கிறது, அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள். பல மேற்பார்வையாளர்களுக்கு அது கண்ணிலேயே படாது.

நூல் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். முதலில் நீங்கள் கண்டித்த அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேளுங்கள். தனியாக அறைக்குள் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். காலையில் கடை திறக்குமுன் எல்லோரும் கூடியிருக்கும்போது கேளுங்கள், கண்டித்ததும் எல்லோர் முன்னாலும்தானே. முதலாளி ஸ்டூலுக்கு என்ன பதில் சொன்னார் என்பதை எழுதுங்கள். மறுத்தால் என்ன காரணம் சொன்னார் என்பதையும் எழுதுங்கள், அதற்கும் பதில் சொல்கிறேன்.