குரல் கரகரப்பு வாரக்கணக்கில் நீடித்தால் என்ன சிகிச்சை?

குரல் கோளாறு என்றால் குரல் கரகரப்பது, உடைவது, பேசப்பேசக் களைத்துப்போவது. தொண்டையில் இருக்கும் இரண்டு குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதி அதிர்வதால்தான் குரல் பிறக்கிறது. ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 100 முறை, பெண்களுக்கு 200 முறை. கத்திக் கத்திப் பேசினால் அந்த நாண்களின் ஓரங்கள் வீங்கும், நாளடைவில் தடித்து முடிச்சாகும்.

மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு விழுமே, அதே கதைதான். காய்ப்பை மட்டும் வெட்டிவிட்டுப் பிடியை மாற்றாவிட்டால் மறுபடி வரும். அதனால் இந்த முடிச்சுகளுக்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் அறுவை இல்லை, குரல் பயிற்சி. மூச்சோடு சேர்த்துப் பேசவும், தொண்டையை இறுக்காமல் இருக்கவும் பயிற்சியாளர் சொல்லித் தருவார். ஸ்ட்ராவை உதட்டில் வைத்து 'ஊ' என்று மெல்ல இழுப்பதும் அதில் ஒன்று. பொறுமை வேண்டும், ஆனால் பலன் உண்டு.

நாணில் நீர்க்கட்டி என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். நாண் செயலிழந்திருந்தால் ஊசி மூலம் அதைப் பருக்கச் செய்து நடுவுக்குக் கொண்டுவருவார்கள். நாண்கள் தானாக இழுத்துக்கொள்ளும் நோய்க்கு, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி. அதன் பலன் சில மாதங்கள்தான், அப்புறம் மறுபடி போட வேண்டும்.

கரகரப்பு 4 வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புகைப்பவர்கள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

கிசுகிசுவென்று பேசினால் குரலுக்கு ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பேசும்போது பலருக்குத் தொண்டை இன்னும் இறுகத்தான் செய்கிறது.