பட்டதாரிக்கு 29, கைநாட்டுக்கு 3: அந்தக் கணக்கை எப்படிப் படிப்பது?

ஐயா, வணக்கம். நீங்கள் அனுப்பிய செய்தியைப் படித்தேன். 'பட்டதாரிகளில் 29.1 சதவீதம் பேருக்கு வேலை இல்லை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களில் 3.4 சதவீதம்தான்' என்ற வரியைச் சுற்றி நீங்களே சிவப்பு வட்டம் போட்டிருந்தீர்கள். மகளை பி.எஸ்சி. புள்ளியியல் சேர்ப்பதா, பேசாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடுவதா என்பது உங்கள் கேள்வி.

எண் பொய்யில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் வந்ததுதான். 15 முதல் 29 வயதுக்காரர்களைப் பற்றிய 2022-ஆம் ஆண்டுக் கணக்கு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் வீடு வீடாகப் போய் எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்புதான் இதற்கு மூலம். அந்த வாசலில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கையில் டேப்லெட்டோடு ஒருவர் வருகிறார். பாட்டி தெருமுனையில் ஆப்பம் சுட்டு விற்கிறார்: வேலையில் இருப்பவர். அப்பாவின் மளிகைக் கடையில் சம்பளமே இல்லாமல் பொட்டலம் மடிக்கிறான், பத்தாவதோடு நின்றுவிட்ட மகன்: அவனும் வேலையில் இருப்பவன்தான். பி.இ. முடித்துவிட்டு, நாலு கம்பெனிக்கு பயோடேட்டா அனுப்பி அழைப்புக்குக் காத்திருக்கும் மூத்தவள்: வேலையில்லாதவள். இன்று கூலிக்குப் போனால்தான் இரவு உலை என்கிற வீட்டில் யாரும் ஆறு மாதம் காத்திருக்க முடியாது. அங்கே வேலையின்மை குறைவாகத் தெரிவது அதனால்தான்.

இதைச் சொல்லிப் பட்டதாரிகள் சுகமாக இருக்கிறார்கள் என்று நான் சாதிக்கவில்லை. 29 பெரிய எண். ஆனால் வயது வித்தியாசமில்லாமல் எல்லாப் பட்டதாரிகளையும் சேர்த்தால், 2022-23-இல் அது 13 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். அடிபடுவது முதல் சில வருடங்கள். அந்த வருடங்களுக்குத்தான் நாம் திட்டம் போட வேண்டும்.

நான் பார்க்கச் சொல்வது வேறொரு வரி. 2023-24 கணக்கெடுப்பில், வேலை செய்யும் 100 பேரில் 58 பேர் சொந்தத் தொழிலிலோ குடும்பத் தொழிலிலோ இருக்கிறார்கள், 20 பேர் தினக்கூலி. மாதச் சம்பளம் வாங்குவோர் 22 பேர்தான். விவசாயம் அல்லாத வேலைகளில் இருக்கும் அந்தச் சம்பளக்காரர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் கையில் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் கிடையாது. வேலை கிடைக்குமா என்பதோடு, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கும் வேலையா என்றும் சேர்த்துக் கேளுங்கள். மில்லில் இத்தனை வருடம் இருந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த பி.எஃப். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மகள் படிப்புக்கு அதை எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் ஐயா, அது உங்கள் முதுமைக்கான காசு. 45 வயதைக் கடந்த சுமார் 72,000 பேரிடம் 2017-18-இல் எடுத்த முதுமை பற்றிய தேசியக் கணக்கெடுப்பில், 60 தாண்டியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஆசைப்பட்டா போகிறார்கள்? கல்விக் கடன் 4 லட்சம் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை, பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் அதுகூடத் தேவைப்படாமல் போகலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் இருக்கிறது.

அப்புறம், கம்ப்யூட்டர். போன மாதம் ஒரு மாணவி வந்தார், நல்ல மதிப்பெண். பயோடேட்டாவை மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன். காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மின்னஞ்சல்தான் வேண்டும் என்றதும், முழுக் கடிதத்தையும் தலைப்பு (சப்ஜெக்ட்) எழுதும் கட்டத்திலேயே அடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2022-23-இல் எடுத்த இன்னொரு தேசியக் கணக்கெடுப்பில், 15-29 வயதினரில் 78.4 சதவீதம் பேருக்குக் கோப்பு இணைத்துச் செய்தி அனுப்பத் தெரிந்திருந்தது. ஆனால் இணையத்தில் தகவல் தேடுவது, மின்னஞ்சல், ஆன்லைன் வங்கிச் சேவை மூன்றையும் செய்யத் தெரிந்தவர்கள் 26.8 சதவீதம்தான். உங்கள் மகள் அந்த நாலில் ஒருவராக இருக்கிறாரா என்று இன்று இரவே பார்த்துவிடலாம். எக்செல்லில் வீட்டுச் செலவுக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.

புள்ளியியல் படித்தால், இந்தக் கணக்கெடுப்பு நடத்தும் துறைக்கே போகலாம். மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி., பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அதிகாரி பணி இருக்கிறது, யு.பி.எஸ்.சி. வழியாக இந்தியப் புள்ளியியல் பணி இருக்கிறது. இரண்டாவதில் இடங்கள் மிகக் குறைவு, அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. வங்கி, காப்பீடு, மருந்து ஆய்வு என்று தனியாரிலும் வழி உண்டு. கணக்கு பிடிக்காத பிள்ளைக்கு இந்தப் படிப்பு பெரிய தலைவலி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பனியன் கம்பெனி பற்றிக் கேட்டீர்களே. அங்கேயும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கும் இடங்கள் இருக்கின்றன. படிப்பு முடித்தும் அங்கே கணக்குப் பிரிவுக்கோ தரப் பரிசோதனைக்கோ போகலாம், அந்தக் கதவு மூடிவிடாது.

அடுத்த முறை வரும்போது மகளையும் கூட்டி வாருங்கள், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலோடு. அதற்கு முன், அதன் நகலை எனக்கு மின்னஞ்சலில் அவரே அனுப்பட்டும். நீங்கள் உதவி செய்ய வேண்டாம்.