விருப்பம் தானாகத் தோன்றாவிட்டால் அது நோயா?

கேள்வி: எனக்கு வயது 38. உடலுறவில் எனக்குத் தானாக நாட்டம் தோன்றுவதில்லை. கணவர் நெருங்கி வந்த பிறகு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. பெண்களில் 43 சதவீதம் பேருக்குப் பாலியல் குறைபாடு உண்டு என்று படித்ததிலிருந்து கவலையாக உள்ளது. மாத்திரை சாப்பிட வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது நோயாகத் தெரியவில்லை. அந்த 43 சதவீதம், அமெரிக்காவில் 1992-இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பை வைத்து 1999-இல் வெளியான ஆய்வின் முடிவு. நாட்டமின்மை, ஈரமின்மை, வலி போன்றவற்றில் ஏதேனும் ஒன்று கடந்த ஓராண்டில் சில மாதங்கள் இருந்தது என்று சொன்ன பெண்கள் அனைவரும் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டனர். அந்தப் பிரச்சினையால் அவர்கள் மனம் வருந்தினார்களா என்று கேட்கப்படவே இல்லை. இன்றைய மனநல நோய் வரையறையோ, அறிகுறிகள் ஏறத்தாழ ஆறு மாதம் நீடிப்பதோடு அவை அந்தப் பெண்ணுக்குக் கணிசமான வேதனையும் தர வேண்டும் என்கிறது.

அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1966-இல், ஆய்வகத்தில் பாலியல் உச்சத்தை எட்டக்கூடியவர்களையே பெரும்பாலும் கவனித்து, உடலுறவின்போது உடல் கடக்கும், கிளர்ச்சியில் தொடங்கும் நான்கு கட்டங்களை வகுத்தனர்; பின்னர் பாலியல் சிகிச்சை நிபுணர் ஹெலன் சிங்கர் கப்லான் விருப்பத்தை அதற்கு முன்னால் வைத்தார். விருப்பம் முதலில் வந்தாக வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் வேரூன்றியது. நீண்டகால உறவில் இருக்கும் பல பெண்களுக்கு நெருக்கமும் தீண்டலும் முதலில் வந்து, விருப்பம் அதன்பின் எழுகிறது என்று 2000-இல் கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாசன் எழுதினார். உங்கள் அனுபவம் இதனோடு பொருந்துகிறது; ஆனால் எல்லாப் பெண்களுக்கும் இதுவே விதி என்று நான் சொல்ல மாட்டேன், பழைய வரிசையையே தமதென்று கூறும் பெண்களும் உண்டு.

மாத்திரை விஷயத்தில் என் கருத்து தெளிவானது. இருமுறை நிராகரிக்கப்பட்டு 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, பெண்களின் நாட்டமின்மைக்கான ஃபிளிபான்செரின் மாத்திரை, மருந்தில்லாத போலி மாத்திரையோடு ஒப்பிடும்போது, மாதத்துக்குச் சராசரியாக அரை முதல் ஒரு திருப்தியான உறவைத்தான் கூட்டியது. தலைச்சுற்றல், தூக்கக் கலக்கம், ரத்த அழுத்தம் குறைதல் ஆகியவை அதன் பக்கவிளைவுகள். உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்பு இருந்த நாட்டம் திடீரென மறைந்தாலோ, உறவின்போது வலித்தாலோ, மறுக்க முடியாமல் இணங்குவதாகத் தோன்றினாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கான சில மருந்துகளும் தைராய்டு குறைபாடும் நாட்டத்தைக் குறைக்கலாம் என்பதால், சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் அவை எப்போது தொடங்கின என்பதையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.