விடுமுறை விளையாட்டு, மாலை நேரக் கடுதாசி ஆட்டம்: கேள்வியும் பதிலும்

யாழ்ப்பாணத்தில் மாநகர சபை, சனசமூக நிலையங்கள் என்று பதினெட்டு வருடம் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் நடத்தியிருக்கிறேன். கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நல்லூர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி: ஓகஸ்ட் விடுமுறையில் 6 முதல் 12 வயது வரை 40 பிள்ளைகளுக்கு மூன்று வாரம் நிகழ்ச்சி நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மைதானமும் பழைய மண்டபமும் உண்டு. எதில் தொடங்குவது அக்கா?

காலை 8 மணிக்கு ஒருமுறை, மாலை 4 மணிக்கு ஒருமுறை அங்கே போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, மலசலகூடத்துத் திறப்பு யாரிடம், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? விளையாட்டைப் பிறகு யோசிக்கலாம். அந்த மாதம் சோளகக் காற்று வீசும். வெளியில் பட்மின்ரன் வைத்தால் பந்து அடுத்த வளவில்தான் இறங்கும். நான் என்றால் கிளித்தட்டில் தொடங்குவேன்; ஒரு அணி கோடுகளில் நின்று மறிக்க, மற்ற அணி கடந்து ஓடும் விளையாட்டு. மறிப்பவர்கள் தங்கள் கோட்டிலேயே நிற்க வேண்டும், அவர்களின் தலைவரான கிளி மட்டும் நடுக்கோட்டிலும் ஓடலாம். அதனால் ஓட முடியாத பிள்ளைக்கும் அங்கே ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. உதைபந்தாட்டத்தில் அதே பிள்ளை ஓரமாக நின்று காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். கோடு கீறச் சுட்ட சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், கண்ணில் பட்டால் எரித்துவிடும். அடுப்புச் சாம்பல் போதும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள், அதுவும் அந்தக் காலத்தில்தான் வரும். எந்த வீதி எப்போது மூடுவார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே தம்பி: எத்தனை உதவியாளர்கள் வேண்டும்?

என் கணக்கு பத்துப் பிள்ளைக்கு ஒருவர், மேலதிகமாக ஒருவர். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியே எந்த அறையிலும் இருக்கக்கூடாது. அந்தப் பெரியவர் நீங்களாக இருந்தாலும்தான். யார் வந்து கூட்டிப்போவார் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். “ஓட்டோ அண்ணை வருவார்” என்றால் அவர் பெயரும் தொலைபேசி இலக்கமும் அதில் இருக்க வேண்டும். சிறுவர் உதவிக்கு 1929, அம்புலன்சுக்கு 1990. இரண்டையும் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

அரியாலை, ஒரு தாய்: சித்திரை விடுமுறையில் மகன் மைதானத்தில் மயங்கிவிட்டான். இனி அனுப்பலாமா?

அனுப்பலாம், நேரத்தைக் கேட்டுவிட்டு. ஏப்ரல் நடுவில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கும். ஓகஸ்ட் கடைசியில் மறுபடியும் அப்படியே. இரண்டு விடுமுறையும் சரியாக அந்த வெயிலில்தான் வந்து விழுகின்றன. காலை 10 மணிக்குப் பிறகு பிள்ளைகள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். வெளி விளையாட்டு மறுபடி 4 மணிக்குத்தான். தாகம் என்று பிள்ளை சொல்லும் வரை காத்திருக்கக்கூடாது, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதித் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும். தலையிடி, தலைச்சுற்று என்றால் நிழலில் படுக்க வைத்து ஈரத் துணியால் உடம்பைத் துடைக்க வேண்டும். பேச்சுத் தடுமாறினால் 1990ஐ அழைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

கொழும்புத்துறை, தங்கச்சி ஒருவர்: 13 வயதுக்குப் பிறகு பெண் பிள்ளைகள் வருவதே இல்லை. பெற்றோர் விடுவதில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

நானும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். ஒரு நிலையத்தில் வலைப்பந்து தொடங்கினோம். முதல் வாரம் 22 பேர், மூன்றாம் வாரம் ஐந்து பேர். நான் பெற்றோர் கூட்டம் கூட்டி ஒரு மணி நேரம் உபதேசம் செய்தேன். எல்லாம் முடிந்து கதிரை அடுக்கும்போது ஒரு பிள்ளை மெல்லக் காதில் சொன்னாள்: “மிஸ், ரொயிலற் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.” ஒரு தாழ்ப்பாள்! அதைப் போட்டு, உள்ளே குப்பை போட ஒரு மூடி வைத்த வாளியும் வைத்தோம். பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

மீதிப் பேரைத் தடுத்தது நேரம். ரியூசன் முடிய ஐந்தரை, இருட்ட முன் வீடு போக வேண்டும். அதனால் சனி காலை 7 மணிக்கு மாற்றினோம். அதே நேரம் தாய்மாருக்கு ஒரு நடைப்பயிற்சியும் வைத்தோம். தாய் பக்கத்தில் நடக்கும்போது “ஏன் போகிறாய்” என்று வீட்டில் யார் கேட்பது?

நாவாந்துறை: சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையை எப்படிச் சேர்ப்பது?

அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். மணலில் சில்லு புதையும், ஆகவே சீமெந்துத் தரையில் விளையாட்டை வையுங்கள். புள்ளி எழுதும் வேலையைக் கொடுத்து ஓரத்தில் உட்கார்த்தி வைப்பதைச் சேர்த்துக்கொள்வது என்று நான் ஏற்கமாட்டேன்.

வண்ணார்பண்ணை: வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் காசு தருகிறார்கள். அதை வெற்றிக்கிண்ணம், மேடை, ஒலிபெருக்கி என்று விழாவுக்குச் செலவழிக்கக் கேட்கிறார்கள்.

ஒரு நாள் விழாவுக்கு வரும் காசில் ஒரு வருடத்துக்குப் பந்து வாங்கலாம். அதைப் பற்றுச்சீட்டோடு எழுதி அனுப்புங்கள், அநேகர் ஒத்துக்கொள்வார்கள். பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தரையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

குருநகர், ஓய்வுபெற்ற ஐயா: முதியோருக்கு எப்போதும் பஜனைதானா பிள்ளை?

இல்லை ஐயா, 304 என்ற கடுதாசி ஆட்டம் வையுங்கள். ஜக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஓர் இனத்துக்கு 76, நான்குக்கும் 304. துரும்பை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கையும் ஓடவிட்டால் மூளைக்கு வேறு பயிற்சி வேண்டாம். காசு வைத்து ஆட மட்டும் விடாதீர்கள். கைப்பிடி உள்ள கதிரையாகப் போடுங்கள், முழங்கால் நோவோடு எழும்ப அதுதான் வசதி. அம்மாமாரையும் மேசைக்குக் கூப்பிடுங்கள். அவர்களில் எத்தனை பேர் கெட்டிக்காரிகள் என்று அப்போதுதான் தெரியும்.

நல்லூர்த் தம்பி மறுபடியும்: நான் இன்று போய்ப் பார்த்தேன் அக்கா. இங்கேயும் தாழ்ப்பாள் இல்லை. செலவுக்கு அனுமதி எடுக்க இரண்டு வாரமாம்.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு நாளைக்கே உங்கள் காசில் வாங்கிப் பூட்டுங்கள் தம்பி. திருகாணியையும் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் தர மறந்துவிடுவார்.